பாட்டில் தண்ணீரில் பிளாஸ்டிக் வேதிப்பொருள்கள் கலப்பதைக் குறைப்பது எப்படி?

வெயிலில் நிறுத்திய காருக்குள் பாதி குடித்து வைத்த தண்ணீர்ப் பாட்டிலை மாலையில் எடுத்து ஒரு வாய் குடித்தவர்களுக்கு அந்தச் சுவை மறந்திருக்காது. லேசான இனிப்பும் பிளாஸ்டிக் வாடையும் கலந்து, விழுங்கிய பிறகும் நாக்கில் நிற்கும் சுவை அது. பாட்டிலை வார்ப்பதற்காகப் பிளாஸ்டிக்கை உருக்கும்போது உண்டாகி, அதன் சுவரிலேயே தங்கிவிடும் அசிட்டால்டிஹைடு என்னும் பொருள் தண்ணீரில் இறங்குவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். மிகச் சிறிய அளவிலேயே நாக்குக்குத் தெரிந்துவிடுவதால் இதை நாம் கண்டுகொள்கிறோம். ஆனால் அதைவிடக் கவனிக்க வேண்டிய, உலோகம் போன்ற தனிமமான ஆன்டிமனியும், சிலவகைப் பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் பிஸ்பினால் ஏ என்னும் வேதிப்பொருளும் தண்ணீரில் கலக்கும் அளவுகளில் சுவையாகவோ மணமாகவோ வெளிப்படுவதில்லை. ஆகவே குடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று இருக்க முடியாது. பாட்டில் எந்தப் பிளாஸ்டிக்கால் ஆனது, எவ்வளவு சூட்டில் இருந்தது, எத்தனை நாள் இருந்தது, எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது என்பவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் பாட்டிலைக் கவிழ்த்து அடிப்பகுதியைப் பாருங்கள். முக்கோண அம்புக்குறிக்குள் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் தண்ணீர்ப் பாட்டில்களில் பெரும்பாலும் 1 இருக்கும். அது பெட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாலிஎத்திலீன் டெரெப்தாலேட். இதன் பெயரில் தாலேட் என்று வருவதைக் கண்டு, பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் இதில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அவை வேறு பொருள்கள். பெட் தயாரிக்க அவை தேவையில்லை. பிஸ்பினால் ஏ-வும் இதன் மூலப்பொருள் அன்று. பெட்டில் கவனிக்க வேண்டியது, அதன் தயாரிப்பில் வினையூக்கியாக, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் பொருளாக, பரவலாகச் சேர்க்கப்படும் ஆன்டிமனி டிரை ஆக்சைடு என்னும் ஆன்டிமனிச் சேர்மம். அதில் ஒரு சிறு பகுதி பிளாஸ்டிக்கிலேயே எஞ்சி நிற்கிறது. 7 என்ற எண் மற்ற வகைகள் அனைத்துக்கும் பொதுவானது. பல முறை நிரப்பிப் பயன்படுத்தும், கண்ணாடிபோல் தெளிவாகவும் தட்டினால் கெட்டியாகவும் இருக்கும் 20 லிட்டர் கேனில் 7 இருந்தால், அது பாலிகார்பனேட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். பாலிகார்பனேட் பிஸ்பினால் ஏ-வை அடிப்படைக் கட்டுமானப் பொருளாகக் கொண்டே செய்யப்படுகிறது. 2, 5 என்ற எண்களைக் கொண்ட பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் வகைகளில் இந்த இரண்டு சிக்கல்களும் பொதுவாக இல்லை.

அடுத்து சூடு. எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பெட் பாட்டிலிலிருந்து ஆன்டிமனி எவ்வளவு வெளியேறுகிறது என்று அமெரிக்காவின் அரிசோனாவில் ஆய்வாளர்கள் அளந்து 2008-இல் வெளியிட்டார்கள். லிட்டருக்கு 6 மைக்ரோகிராம் என்பது அந்நாட்டின் குடிநீர் வரம்பு. பாட்டிலை 60 டிகிரி செல்சியஸில் வைத்திருந்தால் அந்த வரம்பைத் தாண்ட 176 நாட்கள் ஆகும் என்றும், 80 டிகிரியில் வைத்தால் இரண்டரை நாட்களுக்குள்ளேயே தாண்டிவிடும் என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். இருபது டிகிரி கூடியதற்கே ஏறத்தாழ ஆறு மாதம் இரண்டரை நாளாகச் சுருங்கிவிடுகிறது. கடும் வெயிலில் மூடி நிறுத்திய காரின் உட்புறம் 60 டிகிரியை எட்டுவது அரிதன்று. ஆனாலும் ஒரு பிற்பகல் காரில் கிடந்த பாட்டிலால் உடனே உடலுக்குத் தீங்கு வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 20 மைக்ரோகிராம், சாதாரண அறை வெப்பத்தில் வைத்த பாட்டில்களில் இருப்பது பெரும்பாலும் அதைவிட மிகக் குறைவு. தவிர்க்க வேண்டியது, அதே பாட்டிலை நாள்தோறும் காரிலேயே விட்டுவைத்துக் குடிக்கும் பழக்கத்தைத்தான். வாங்கும்போதும் இதையே பாருங்கள்: வெயில் படும்படி கடை வாசலில் அடுக்கியவற்றை விட்டுவிட்டு, உள்ளே நிழலில் இருப்பவற்றைக் கேளுங்கள், அச்சிட்ட தேதியைப் படித்து, அண்மையில் நிரப்பியதை எடுங்கள்.

பாலிகார்பனேட் கேனுக்குக் கூடுதல் கவனம் தேவை. பிஸ்பினால் ஏ பெண் பாலின ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல உடலில் செயல்படக்கூடியது என்பது 1930-களிலேயே ஆய்வகத்தில் கண்டறியப்பட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல், விலங்குகளின் நோய் எதிர்ப்பு அமைப்பில் காணப்பட்ட பாதிப்பை முதன்மையாகக் கொண்டு, ஒருவர் நாள்தோறும் உட்கொள்ளத்தக்க அளவை முன்பிருந்ததைவிட 20,000 மடங்கு குறைத்தது. 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் உணவோடு தொடர்புபடும் பொருள்களில் அதன் பயன்பாட்டைத் தடை செய்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமோ உணவில் தற்போது காணப்படும் அளவுகள் பாதுகாப்பானவை என்ற நிலையிலேயே இருந்து வந்திருக்கிறது. அதே அமெரிக்காவிலும், குழந்தைகளின் பால்புட்டியில் பாலிகார்பனேட் அனுமதி 2012-இல் விலக்கப்பட்டது. இரு தரப்பும் ஒத்துப்போகும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து, ஏனெனில் இங்கே எச்சரிக்கையாக இருப்பதற்கு ஆகும் சிரமம் மிகச் சிறியது.

அந்தச் சிரமம் எவ்வளவு பலன் தரும் என்பதற்கு ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு சான்று. மாணவர்கள் 77 பேர் ஒரு வாரம் பாலிகார்பனேட் பாட்டிலில் குளிர்ந்த பானங்களைக் குடித்தபோது, அவர்களுடைய சிறுநீரில் பிஸ்பினால் ஏ ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கூடியது. குளிர்ந்த பானத்துக்கே இந்த நிலை என்றால் சூட்டில் என்ன ஆகும்? சின்சினாட்டியில் 2008-இல் செய்த ஆய்வில், கொதிநீர் பட்ட பாலிகார்பனேட் பாட்டில்கள், புதியவையானாலும் பழையவையானாலும், முன்பைவிட 55 மடங்கு வரை வேகமாக அதை வெளிவிட்டன. ஆறுதலான செய்தி ஒன்றும் இதில் உண்டு. பிஸ்பினால் ஏ உடலில் சேர்ந்து தங்குவதில்லை. உட்கொண்டதில் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் வெளியேறிவிடும். பாத்திரத்தை இன்று மாற்றினால் அதன் பலன் சில நாட்களிலேயே உடலில் தெரியும்.

எனவே கேன் வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் வெயிலோ அடுப்பின் சூடோ படாத இடத்தில் வையுங்கள். முடிந்தால் தண்ணீரை அன்றே எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். கேனைக் கொதிநீராலோ, காரம் மிகுந்த சோப்புத் தூளாலோ, கம்பி நாராலோ கழுவ வேண்டாம். காரமும் சூடும் பாலிகார்பனேட்டைச் சிதைத்துப் பிஸ்பினாலை விடுவிக்கின்றன. என் வீட்டுக்கு வந்த கேன் ஒன்றை ஒருநாள் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். உட்புறம் முழுவதும் மெல்லிய கீறல்கள் வலைபோலப் பின்னி, தெளிவாக இருந்திருக்க வேண்டிய சுவர் பனி படர்ந்த கண்ணாடிபோல மங்கியிருந்தது. அப்படி மங்கிய கேனைத் தயங்காமல் திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள்.

பிஸ்பினால் ஏ இல்லை என்று எழுதியிருப்பதைப் பார்த்து முழுமையாக நிம்மதி அடைந்துவிட வேண்டாம். அதற்குப் பதிலாகச் சில பொருள்களில் சேர்க்கப்படும் பிஸ்பினால் எஸ், பிஸ்பினால் எஃப் ஆகியவையும் ஹார்மோன்போலச் செயல்படக்கூடியவை என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நாள்தோறும் கையில் கொண்டுபோக எவர்சில்வர் பாட்டிலே போதும்.

வேதிப்பொருள்களோடு பிளாஸ்டிக் துகள்களும் சேர்ந்தே வருகின்றன. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல், பாட்டில் தண்ணீரில் லிட்டருக்குச் சராசரியாக ஏறத்தாழ 2,40,000 துகள்களைக் கண்டார்கள். அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு நானோ அளவிலானவை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியவை. எல்லாம் பாட்டிலிலிருந்து வந்தவை அல்ல, சில நீரை வடிகட்டும் சவ்விலிருந்தும் வந்திருக்கலாம் என்று அவர்களே குறிப்பிட்டார்கள். மூடியைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடும்போதும் மரையில் உரசித் துகள்கள் உதிர்கின்றன. ஆகவே ஒருமுறைப் பாட்டிலை மாதக்கணக்கில் நிரப்பி நிரப்பிப் பயன்படுத்துவதை விட்டுவிடுங்கள். அதன் குறுகிய வாயைச் சரியாகக் கழுவ முடியாததால் கிருமிகள் பெருகும் என்பது தனிக் காரணம். பாட்டிலை உறையவைத்தால் டையாக்சின் என்னும் நச்சுப்பொருள் உண்டாகும் என்று பரவும் செய்தியில் மட்டும் உண்மையில்லை. குளிர்ச்சி கசிவை மெதுவாக்கும்.

கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கும் வீடுகளில் இதை மிகக் கவனமாகச் செய்ய வேண்டும். பால்மாவில் இருக்கக்கூடிய கிருமிகளைக் கொல்ல, 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கரைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தச் சூட்டைக் குறைக்கக் கூடாது. அதே சூட்டில் பாலிபுரோப்பிலீன் புட்டியில் ஊற்றிக் குலுக்கினால் ஏராளமான நுண்துகள்கள் உதிர்வதை டப்ளின் ஆய்வாளர்கள் 2020-இல் காட்டினார்கள். கொதிக்க வைத்த நீரில் மாவை எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் கரைத்து, குடிக்கும் பதத்துக்கு ஆறவைத்து, அதன்பின் புட்டியில் ஊற்றினால் இரண்டு கவலையும் தீரும். கண்ணாடிப் புட்டி இருந்தால் இன்னும் நல்லது.

வெள்ளமோ குழாய் உடைப்போ வந்து, கிடைக்கும் நீர் கெட்டுப்போயிருக்கும் நாட்களில் இவை எதையும் எண்ணித் தயங்காமல் மூடி முத்திரை உடையாத பாட்டில் தண்ணீரைக் குடியுங்கள். அசுத்த நீரால் வரும் வயிற்றுப்போக்கு இவை அனைத்தையும்விட உடனடியான ஆபத்து. அத்தகைய நாட்களுக்கென்று சேமித்து வைப்பவர்கள், இருட்டான குளிர்ந்த அறையில், பெட்ரோல், பெயின்ட், பூச்சிமருந்து ஆகியவற்றின் ஆவி பிளாஸ்டிக் வழியே ஊடுருவும் என்பதால் அவற்றுக்கு அருகில் இல்லாமல் அடுக்கி, ஒவ்வொரு பாட்டிலிலும் வாங்கிய மாதத்தை எழுதி, பழையதை முதலில் எடுத்துச் செலவிடுங்கள்.