மூன்று பெட்டி, மூன்று நிறம்: வெந்தயக்கீரையை வைத்து ஒரு சோதனை

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு சந்துக்குள். கை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவர். வெயில் ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அதனால்தான் விளக்கு வைத்துக் கீரை வளர்க்க இறங்கினேன். எந்த நிற விளக்கு? நீங்களே செய்து பாருங்கள்.

1. மளிகைக் கடையில் ஒரே அளவு அட்டைப்பெட்டி மூன்று கேளுங்கள். சிவப்பு, நீலம், வெள்ளை எல்இடி பட்டை ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டர் வாங்குங்கள். கத்தரிக்கோல் குறி போட்ட இடத்தில் மட்டுமே வெட்ட வேண்டும். 12 வோல்ட் அடாப்டரையும் வயரையும் கடையிலேயே பற்றவைத்து வாங்கிவிடுங்கள். அடாப்டர் சூடாகும், பெட்டிக்கு வெளியே இருக்கட்டும்.

2. வெந்தயத்தை ராத்திரி ஊற வையுங்கள். மூன்று டீக்கடை பேப்பர் கப்பின் அடியில் ஓட்டை போட்டு, ஈரத் தென்னைநார்த் தூளை நிரப்பி, கப்புக்கு 20 விதை தூவுங்கள்.

3. முளை தலைகாட்டியதும் பெட்டிக்கு ஒரு கப். விளக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், தினம் 12 மணி நேரம்.

4. பெட்டியில் உள்ள ஓட்டைகளைக் கறுப்பு டேப்பால் அடையுங்கள். முதல் தடவை நான் அடைக்கவில்லை. சிவப்புப் பெட்டியில் இருந்த நாற்று எல்லாம் கயிறு கட்டி இழுத்தாற்போல ஜன்னல் பக்க ஓட்டையை நோக்கிச் சாய்ந்துவிட்டது! செடிக்குத் திசை காட்டுவது நீல ஒளிதான். தலைக்கு மேல் சிவப்பு எவ்வளவு எரிந்தாலும், ஓட்டை வழியே வந்த பகல் வெளிச்சத்தின் நீலம் அதை இழுத்துவிட்டது.

5. எட்டாம் நாள் ஸ்கேலால் தண்டை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டில் சிவப்பில் வளர்ந்தது நெடுநெடுவென்று போய்த் துவண்டது. நீலத்தில் குட்டையாக, தண்டு கெட்டியாக. வெள்ளை இரண்டுக்கும் நடுவில். பச்சையம் அதிகம் உறிஞ்சுவது சிவப்பும் நீலமும்தான். ஆனால் நீலத்துக்கு இன்னொரு வேலை உண்டு: தண்டு நீள்வதை அடக்கி வைக்கும். ‘பச்சை ஒளி வீண்’ என்பதை நம்பாதீர்கள். இலையை ஊடுருவிக் கீழ் அடுக்குவரை இறங்குவதில் அது கெட்டிக்காரன்.

ஒரு எச்சரிக்கை. மூன்று பட்டையும் ஒரே அளவு ஒளி தருவதில்லை, அதனால் எடையை ஒப்பிடாதீர்கள். உருவத்தை மட்டும் பாருங்கள்.

சமையலுக்கு வளர்ப்பதென்றால் சாதாரண வெள்ளை எல்இடியே போதும். சிவப்பு, நீலம், பச்சை மூன்றும் அதில் இருக்கிறது. சிவப்பும் நீலமும் கலந்த ஊதா விளக்கில் இலை பழுத்தாலும் கண்ணுக்குத் தெரியாது.