40 சேனல்களைப் பிரிக்கும் சில்லு: ஏடபிள்யூஜி வடிவமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஒளியிழையில் வரும் 40 அலைநீளங்களை 40 வாயில்களுக்குப் பிரித்தனுப்பும் ஏடபிள்யூஜி (AWG, அலைவழி வரிசைக் கீற்றணி) சில்லை வடிவமைக்க வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது: மென்பொருளைத் திறக்காதீர்கள், தாளில் கணக்குப் போடுங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். ஒளி அகலமான ஒரு பலகைப் பகுதியில் விரிந்து, அடுத்தடுத்து ஒரே அளவில் நீளம் கூடிக்கொண்டே போகும் அலைவழிகளின் வரிசைக்குள் நுழைகிறது. மறுமுனையில் இன்னொரு பலகையில் அவை ஒன்றுசேரும்போது, அலைகளின் கட்ட (phase) வேறுபாட்டால் ஒவ்வொரு அலைநீளமும் தனித்தனி இடத்தில் குவிகிறது. எல்லாமே அந்த நீள வேறுபாட்டைப் பொறுத்தது.

சேனல் இடைவெளி 100 கிகாஹெர்ட்ஸ் என்றால் 40 சேனல்களுக்கு 4 டெராஹெர்ட்ஸ் வேண்டும். ஒரே வடிவம் திரும்ப வரும் அதிர்வெண் இடைவெளியையும் சரியாக 4 என்று வைத்துவிட ஆசை வரும். வைக்காதீர்கள். அப்படி வைத்தால் ஓரச் சேனல்கள் நடுச் சேனலைவிட ஏறத்தாழ 3 டெசிபல், அதாவது பாதியளவு, மங்கும். நான் 6 டெராஹெர்ட்ஸ் அளவில் வைப்பேன். ஐடியூ (ITU, பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) வகுத்த அதிர்வெண் கட்டத்தின் (grid) ஆதாரமான 193.1 டெராஹெர்ட்ஸை 6 ஆல் வகுத்தால் படி எண், அதாவது அடுத்தடுத்த அலைவழிகளின் நீள வேறுபாட்டில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை, சுமார் 32. அதை அந்த அதிர்வெண்ணுக்குரிய அலைநீளமான 1552.52 நானோமீட்டரால் பெருக்கி, சிலிக்கா அலைவழியின் ஒளிவிலகல் எண்ணாக 1.45ஐ வைத்து வகுத்தால், நீள வேறுபாடு 34.3 மைக்ரான் அளவில் வரும்.

இங்கேதான் கவனம் தேவை. அந்த 1.45 என்பதில் 0.0001 பிசகினாலே மைய அலைநீளம் சுமார் 0.1 நானோமீட்டர் நகர்ந்துவிடும்; சேனல் இடைவெளியோ வெறும் 0.8 நானோமீட்டர். எந்தத் தயாரிப்புக்கூடமும் இவ்வளவு துல்லியத்துக்கு உறுதி தராது. ஆகவே உள்வாயிலை ஒன்றோடு நிறுத்தாதீர்கள். ஒன்றுக்கொன்று ஒரு சேனலும் அதன் சிறு பின்னமும் தள்ளியிருக்குமாறு சில உள்வாயில்களை வையுங்கள். சில்லு வந்தபின் அளந்து, ஐடியூ கட்டத்தோடு பொருந்தும் வாயிலில் இழையை ஒட்டலாம். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது: செலவில்லை, வீணாகப் போகவிருந்த சில்லைக் காப்பாற்றும்.

வரிசையில் அலைவழிகளைக் குறைத்துச் சிக்கனம் பிடிக்க வேண்டாம். ஓர ஒளி வெட்டுப்பட்டால் பக்க முகடுகள் எழுந்து அடுத்த சேனலில் கலக்கும். சேனலின் முகடு தட்டையாக வேண்டும் என்று கேட்டால் உள்வாயிலின் முனையை அகலப்படுத்தலாம். ஆனால் அதற்கு 2 முதல் 3 டெசிபல் இழப்பு உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது வெப்பம். சிலிக்காவில் ஒரு டிகிரிக்கு மையம் சுமார் 0.011 நானோமீட்டர் நகரும். 25 டிகிரியிலிருந்து 70க்குப் போனால் அரை நானோமீட்டர் நகர்வு. பக்கத்துச் சேனலை நோக்கிப் பாதி வழிக்கு மேல் போய்விட்டீர்கள் என்று பொருள். சிலிக்கான் அலைவழியில் இது டிகிரிக்கு 0.08 வரை எகிறும். ஒன்று, சூடேற்றியால் வெப்பத்தை நிலைநிறுத்துங்கள். அல்லது வரிசையின் குறுக்கே பள்ளம் வெட்டி, வெப்பத்தில் எதிர்த்திசையில் மாறும் சிலிக்கோன் பிசினை நிரப்புங்கள்.

அளக்கும்போது ஒளியின் இரு முனைவாக்கங்களிலும் (அலை அதிரும் இரு செங்குத்துத் திசைகள்) தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒரு முகட்டின் இடத்தில் ஒட்டியொட்டி இரண்டு தெரிந்தால் சில்லில் இரட்டை விலகல் (முனைவாக்கத்துக்கேற்ப ஒளிவிலகல் எண் மாறுவது) இருக்கிறது; வரிசையின் நட்டநடுவில் இரு முனைவாக்கங்களையும் இடம் மாற்றும் அரையலைத் தகடு செருகினால் அவை ஒன்றாகிவிடும். அறை வெப்பநிலையில் மட்டும் அளந்துவிட்டுச் சில்லைக் கையை விட்டு அனுப்பாதீர்கள். சாதனம் தாங்க வேண்டிய குளிர், வெப்ப எல்லைகள் இரண்டிலும் அளந்த வரைபடங்களைக் கூடவே அனுப்புங்கள்.