கையடக்க ரெக்கார்டர்: பிறகு திருத்த முடியாத தவறுகள்

தைப்பூசக் காவடிக்கு ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் பலருக்கும் ஒரே பயம், ஒலி குறைவாகப் பதிந்துவிடுமோ என்று. அந்தப் பயம் தேவையில்லை. 24-பிட் தரத்தில் மெல்லியதாகப் பதிந்ததைக் கணினியில் உயர்த்திக்கொள்ளலாம். அளவு மீறிக் கிழிந்த ஒலியை ஒட்டுப்போட முடியாது; காற்று அடித்த பேச்சும் எட்ட நின்று பிடித்த பாட்டும் அப்படியே. மொரீஷியஸில் கோவில், கடற்கரை, கல்யாண மண்டபம் என்று மாறி மாறிப் பதிவு செய்பவர்களுக்கு இந்த மூன்றும்தான் முக்கியம். மற்றவை சில்லறைத் தவறுகள்.

முதலில் நாதஸ்வரமும் தவிலும். ஒத்திகையில் வாசிக்கும் வேகம் வேறு, சாமி புறப்படும்போது அடிக்கும் அடி வேறு. சோதனையின்போது மீட்டரின் உச்சம் -12 டெசிபலில் நிற்கும்படி வைத்தால், ஊர்வலம் சூடுபிடித்ததும் அது ஒலி கிழியும் எல்லையான 0-வை முட்டும். -18 அளவில் வைத்துவிட்டுத் தொடாமல் இருங்கள். ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் ‘ஆட்டோ லெவல்’ வசதியைக் கட்டாயம் அணைக்க வேண்டும். அது தவிலின் ஒவ்வோர் அடிக்கும் மொத்த ஒலியையும் அமுக்கி, அடி நின்றதும் கூட்டத்தின் இரைச்சலை மேலே தூக்கும். பதிவே மூச்சு வாங்குவதுபோல் கேட்கும்.

“என்னுடையது 32-பிட் ஃப்ளோட், எதுவும் கிழியாது” என்ற நம்பிக்கை பாதிதான் சரி. எவ்வளவு பெரிய ஒலியையும் எண்ணாக அடக்கும் முறை அது, கோப்புக்குள் எண்கள் எல்லை தாண்டாது. மைக்குக்கு எல்லை உண்டு. ஜூம் எச்1எசென்ஷியல் போன்ற சிறு கருவியின் மைக் தாங்குவது 120 டெசிபல் ஒலி அழுத்தம் வரைதான். தவிலின் வலந்தலைக்கு ஒரு முழத்தில் நீட்டினால் அந்த எல்லையைத் தொட்டுவிடக்கூடும். மைக்கிலேயே கிழிந்ததை எந்த பிட்டும் காப்பாற்றாது. மூன்று, நான்கு மீட்டர் தள்ளி, தலைக்கு மேலான உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்துவதே வழி.

பேச்சுக்கு இதற்கு நேர் எதிர்: கிட்டப் போக வேண்டும். தூரம் இரட்டித்தால் நேரடி ஒலி, திறந்த வெளியில், 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலி அப்படிக் குறையாது. சிமெண்டுச் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள வீட்டில் பாட்டியிடம் பழைய கரும்புத் தோட்டக் கதை கேட்டுப் பதிவு செய்யும்போது, மேசை நடுவில் ரெக்கார்டரைப் படுக்கப் போடுவது மோசமான இடம். மேசைப் பலகையிலிருந்து திரும்பும் ஒலி நேரடி ஒலியோடு கலந்து குரலைக் குழாய்க்குள் பேசியதாக்கிவிடும். சிறு முக்காலியில் நிறுத்தி, அடியில் துண்டை மடித்து வைத்து, வாயிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தூரத்தில், சற்றே பக்கவாட்டில் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் ‘ப’ ஒலிக்கும்போதெல்லாம் மைக்கில் காற்று இடிக்கும்.

காற்று பெல் மார் கடற்கரையில் மட்டும் இல்லை. தென்கிழக்குக் காற்று கத்ர் போர்ன் மலைக்கோவில் படியிலும் தேடி வரும். பெட்டியோடு வரும் பஞ்சு உறை வாய்க்காற்றைத் தடுக்கும், கடற்காற்றைத் தடுக்காது. நீண்ட மயிருள்ள ரோம உறைதான் வேண்டும். தாழ்ந்த ஒலிகளை வெட்டும் லோ-கட் பொத்தான் உறுமலைக் குறைக்கும். ஆனால் காற்று மைக்கையே திணறடித்தபின் அதனால் பயன் இல்லை. லோ-கட்டைப் போட்டபடியே மொரீஷியஸின் நாட்டுப்புற இசையான சேகாவைப் பதிவு செய்வது இன்னொரு தவறு. பேச்சுக்கு 80 ஹெர்ட்ஸ் சரி. சேகாவின் பெரிய தோல் பறையான ராவானுக்கு அதைப் போட்டால் கை விழும் சத்தம் மட்டும் மிஞ்சி, வயிற்றில் அதிரும் அடியொலி போய்விடும். விதைகள் போட்டுக் குலுக்கும் மாராவானின் சலசலப்பு சிறு மைக்கில் எல்லாவற்றையும் மூடும் என்பதால், பாடுபவரும் ராவானும் உள்ள பக்கம் ஒட்டி நில்லுங்கள்.

மண்டபத்தில் மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சரிலிருந்து நேரடியாக எடுக்கும்போது இரண்டு குழப்பங்கள். ஒன்று, தொழில்முறை மிக்சரின் லைன் வெளியீடு சுமார் 1.23 வோல்ட்; மைக் தருவது சில மில்லிவோல்ட். மைக் சாக்கெட்டில் அதைச் செருகினால் அளவுத் திருகை அடியோடு குறைத்தாலும் முதல் கட்டத்திலேயே கிழியும். லைன் உள்ளீடு இல்லாவிட்டால் 20 முதல் 40 டெசிபல் குறைக்கும் ‘பேட்’ கேபிள் வாங்குங்கள். மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மற்றது விசித்திரமானது. மூன்று முள்ளுள்ள எக்ஸ்எல்ஆர் கேபிளைச் சாதாரண மாற்றியால் 3.5 மி.மீ. ஸ்டீரியோ சாக்கெட்டில் செருகினால், எதிரெதிர்த் துருவத்தில் வரும் இரு கம்பிகளும் இடது, வலது என்று போய்ச் சேரும். ஹெட்போனில் குரல் நடுவில் நிற்காமல் இரு காதிலும் பரவிக் கேட்கும். ஒரே ஸ்பீக்கருள்ள கைபேசியில் இரண்டும் கூடி ஒன்றையொன்று அழிக்க, பாட்டே காணோம்! நல்லவேளை, இது திருத்தக்கூடியது: ஒரு பக்கத்தை நீக்கிவிட்டு மறுபக்கத்தை இரண்டுக்கும் வையுங்கள். சட்டையில் குத்தும் மைக்கிலும் முள்ளைப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் அது கைபேசிக்கானது, ரெக்கார்டரில் ஒழுங்காக வேலை செய்யாது; இரண்டு வளையம் உள்ளதே இதற்கு.

வீடியோ எடுப்பவர்கள் ரெக்கார்டரின் மாதிரி வீதத்தை 48 கிலோஹெர்ட்ஸில் வைக்கட்டும். மேளத்துக்கு 30 மீட்டர் தள்ளி ரெக்கார்டர் நின்றால் ஒலி வந்து சேரவே ஏறத்தாழ 87 மில்லிநொடி ஆகும். நொடிக்கு 25 சட்டகம் எடுக்கும் கேமராவில் அது இரண்டு சட்டகம். கை வேறு, அடி வேறாகத் தெரிவது அதனால்தான். கேமரா முன்னால், ரெக்கார்டருக்குக் கேட்கும்படி ஒருமுறை கைதட்டி வையுங்கள்.

24-பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் சுமார் 1 ஜிபி. ஜூம் எச்1என், எச்4என் போன்றவை 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை ஏற்பதில்லை, பெரிதாக வாங்கி ஏமாற வேண்டாம். கார்டைக் கணினியில் அல்ல, ரெக்கார்டரிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் மெனுவிலும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் 1.2 வோல்ட்டைப் பார்த்து முழு பேட்டரியையே பாதி காலி என்று காட்டும்.

ஏசி போட்ட காரிலிருந்து தை மாதப் புழுக்கத்துக்குள் இறங்கியதும் கருவியை வெளியே எடுக்காதீர்கள். குளிர்ந்த மைக்கில் ஈரம் படிந்து பொரிவதுபோல் சத்தம் வரும். பையை மூடியபடியே 20 நிமிடம் விட்டால் போதும்.

சில மாடல்களில் ரெக் பொத்தானை முதல்முறை அழுத்தினால் சிவப்பு விளக்கு மினுக்கும். அது தயார்நிலைதான், இரண்டாம் முறை அழுத்தி விளக்கு நிலையாக எரிந்து நொடிகள் ஓடினால்தான் பதிவு. பிறகு பொத்தான்களைப் பூட்டும் ஹோல்ட் போடுங்கள். முடிந்ததும் முதலில் ஸ்டாப். எழுதி முடிப்பதற்குள் பேட்டரியையோ கார்டையோ உருவினால் அன்றைய பதிவு திறக்காத கோப்பாகத்தான் வீட்டுக்கு வரும்.