மீன் கறிக்கு ஒரு வெர்டெலோ

பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரை ஓட்டல் பாரில் 22 வருடம் நின்றவன் நான். மச்சான் வீட்டு விருந்து என்றால் வைன் வாங்கும் பொறுப்பு என் தலையில்தான் விழும்.

மீன் கறிக்கு நான் எடுப்பது வெர்டெலோ. போர்ச்சுகலின் மதேய்ரா தீவில் பேர்பெற்ற வெள்ளைத் திராட்சை இது. ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கு, ஸ்வான் பள்ளத்தாக்கு வெயிலிலும் புளிப்பை விடாமல் பழுக்கும். வைனில் அன்னாசி வாசம் தூக்கலாக இருக்கும்.

வாங்கும்போது லேபிளை நிதானமாகப் படியுங்கள். மதேய்ராவிலிருந்து வரும் வெர்டெலோ பெரும்பாலும் சாராயம் கலந்து வீரியம் ஏற்றியது. ஆல்கஹால் சுமார் 19 சதவீதம் இருக்கும். ஒருமுறை அவசரத்தில் அதைத் தூக்கி வந்துவிட்டேன். மச்சான் தம்ளர் நிறைய ஊற்றிக் குடித்துவிட்டு, இலை போடும் முன்பே தூங்கிப் போனார்! ஸ்பெயினின் வெர்டெஹோவும் வேறு திராட்சை, பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆஸ்திரேலிய பாட்டிலில் ஆண்டைப் பாருங்கள். இரண்டு மூன்று வருடத்துக்குள் இருந்தால் நல்லது.

அப்புறம் குளிர்ச்சி. பிரிட்ஜில் மூன்று மணி நேரம் போதும். மறந்துவிட்டால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. பாட்டிலை கழுத்துவரை அமுக்கி 20 நிமிடம் வையுங்கள். வெறும் ஐஸ் இவ்வளவு வேகமாகக் குளிர்விக்காது. 8 முதல் 10 டிகிரி சரியான பதம்.

கிளாஸில் கொஞ்சமாகவே ஊற்றுங்கள், நம்மூர் சூட்டில் சீக்கிரம் வெதுவெதுப்பாகிவிடும். கறியில் மிளகாயைக் குறைக்கச் சொல்லுங்கள். ஆல்கஹால் காரத்தை ஏற்றிவிடும். அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார், அது வேறு கதை.