மனச்சிதைவு உள்ள வீட்டில் ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவரைப் பற்றி தினமும் மூன்றே விவரம்: எத்தனை மணி நேரம் தூங்கினார், மாத்திரை போட்டாரா, சாப்பிட்டாரா. நோய் திரும்பும்போது பெரும்பாலும் முதலில் கெடுவது தூக்கம்தான். தொடர்ந்து இரண்டு, மூன்று இரவு தூங்காவிட்டால் அடுத்து வரச்சொன்ன தேதிவரை காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சாம்பாரில் மாத்திரையைக் கலக்காதீர்கள். ஒருநாள் தெரியவரும், "சோத்துல விஷம்" என்ற சந்தேகத்துக்கு நாமே சாட்சியாகிவிடுவோம். காதில் குரல் கேட்கிறது என்றால் வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். இப்படிச் சொல்லுங்கள்: "எனக்குக் கேக்கல. உனக்குப் பயமா இருக்கும்ல?"

நோட்டின் கடைசிப் பக்கம் உங்களுக்கு. வாரத்தில் இரண்டு மணி நேரம் யார் துணைக்கு உட்காருவார், நீங்கள் எங்கே போவீர்கள் என்று கிழமையோடு எழுதுங்கள். கிழமை குறிக்காத ஓய்வு கிடைப்பதேயில்லை. பேச ஆளில்லையா? அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், வீட்டாரும் பேசலாம்.