கணிதக் கலைத்திட்டத்தை மதிப்பிட வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேசிய அளவிலான இடைநிலைக் கணிதக் கலைத்திட்டத்தை மதிப்பிடப் பழகிவரும் சிலரின் வரைவு அறிக்கைகளை அண்மையில் படித்தேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகள் அவற்றில் அப்படியே இருந்தன. மாதிரி அளவு போதாமை, கூட்டல் பிழை போன்றவற்றை எந்தக் கையேடும் சொல்லிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தலைப்புக்கு எதிரே ‘டிக்’ போட்டு முடித்துக்கொள்வது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். இடப்பக்கம் கலைத்திட்ட நோக்கங்கள், மேல்வரிசையில் பாடநூல் அத்தியாயங்கள், பொருந்தும் கட்டத்தில் ஒரு குறி. அட்டவணை நிறைந்ததும் ‘நோக்கங்கள் பெரும்பாலும் நிறைவேறியுள்ளன’ என்று ஒரு வாக்கியம் எழுதப்பட்டுவிடும்.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு வெளிவந்தபோது, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ராமானுஜம் தலைமையிலான குழு கணிதம் கற்பித்தல் குறித்து ஓர் ஆவணம் அளித்தது. எண்ணறிவு, அளவைகள் போன்ற பயன்பாட்டுத் திறன்களைக் குறுகிய நோக்கமாகவும், குழந்தையின் சிந்தனையே கணிதவயப்படுவதை உயர்ந்த நோக்கமாகவும் அது பிரித்துக் காட்டியது. அந்த வடிவமைப்பின்படி வந்த பாடநூல்களை மதிப்பிட்ட குழு ஒன்றில் இருந்த நான், ‘நிரூபணமும் தர்க்கமும்’ என்ற வரிசை முழுவதிலும் குறியிட்டேன். அந்த அட்டவணையை நம்பி, நிரூபணம் கற்பிப்பதற்கென ஒதுக்கியிருந்த ஆசிரியர் பயிற்சி நாள்கள் வேறு தலைப்புக்கு மாற்றப்பட்டன.

அறிக்கை கொடுத்த பிறகுதான் ஒரு பத்தாம் வகுப்பறையில் போய் உட்கார்ந்தேன். x² + 6x − 7 = 0 என்று எழுதிக் கொடுத்ததும், ஒரு மாணவன் இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தில் எண்களைப் பிரதியிட்டு 1, −7 என்று விடை சொன்னான். அந்தச் சூத்திரம் எப்படி வந்தது என்று கேட்டேன். “புத்தகத்துல கட்டம் கட்டிப் போட்டிருக்காங்க சார்” என்றான். சூத்திரத்தை வருவிக்கும் வர்க்கப் பூர்த்தி முறை அன்றைய நூலில் பல பக்கங்களுக்கு இருந்தது. அவனது குறிப்பேட்டில் ஒரு வரிகூட இல்லை. தேர்வுக்குச் சூத்திரம் போதும் என்பதால் அதை வேகமாகக் கடந்துவிட்டதாக ஆசிரியர் மறைக்காமல் சொன்னார்.

பிறகு நானே கரும்பலகையில் x பக்கமுள்ள சதுரம் ஒன்று வரைந்தேன். 6xஐ இரண்டாகப் பிரித்து, 3 அகலமுள்ள செவ்வகங்களாக இரு பக்கமும் ஒட்டியபோது மூலையில் 9 சதுர அலகு குறைந்தது. அதைச் சமன்பாட்டின் இரு புறமும் சேர்த்தால் (x + 3)² = 16. குறையும் மூலையைக் கண்டதும் அந்த மாணவன் தானாகவே, “எல்லாச் சமன்பாட்டுக்கும் இதே மூலை வருமா சார்?” என்று கேட்டான். ஆவணம் சொன்ன உயர்ந்த நோக்கம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. என் அட்டவணையில் அதற்குக் கட்டமே இல்லை.

இப்போது வருபவர்கள் அதே தவறை வேறு உருவில் செய்கிறார்கள். 2022இல், தேசியப் பாடநூல்களை வெளியிடும் என்.சி.இ.ஆர்.டி. பாடச்சுமையைக் குறைத்தபோது, பத்தாம் வகுப்பு நூலிலிருந்து அந்த வர்க்கப் பூர்த்திப் பகுதியே நீக்கப்பட்டது. சூத்திரம் நிற்கிறது, அது பிறந்த இடம் போய்விட்டது. ஆயினும் நான் படித்த வரைவுகளில் ‘இருபடிச் சமன்பாடுகள்: உண்டு’ என்றே இருந்தது. வர்க்கப் பூர்த்தியால் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் பழைய இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரரின் விதி நம்மை வந்தடைந்தது இரண்டாம் பாஸ்கரர் அதை எடுத்தாண்டதால்தான். அத்தகைய மரபுள்ள ஒரு வழிமுறை பாடநூலிலிருந்து மறைவதை நம் மதிப்பீடு பதிவுகூடச் செய்யவில்லை என்பது வருத்தமளிக்கிறது.

ஆகவே, முழு நூலையும் மேலோட்டமாக வருடுவதற்குப் பதில், ஐந்தாறு கருத்துகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் ஆவணம், பாடநூல், மாணவர் குறிப்பேடு, வினாத்தாள் என நான்கு இடங்களிலும் பின்தொடருங்கள். திட்டமிட்ட கலைத்திட்டம், வகுப்பறையில் நடந்த கலைத்திட்டம், மாணவர் அடைந்த கலைத்திட்டம் என்று, பல நாட்டு மாணவர்களின் கணித, அறிவியல் கற்றலை ஒப்பிடும் டிம்ஸ் (TIMSS) ஆய்வு மூன்றாகப் பிரிப்பது, இம்மூன்றும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால்தான்.

தேர்ச்சி விகிதத்தைக் கலைத்திட்டத்தின் விளைவாகக் கொள்வது

சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 20 அகமதிப்பீட்டுக்கு. மேலும் 2020 தேர்விலிருந்து ‘அடிப்படை’, ‘தரநிலை’ என இரு வினாத்தாள்கள் உள்ளன. இவற்றைப் பிரிக்காமல், 2020க்கு முந்தைய விகிதங்களோடு ஒரே வரைபடத்தில் இணைப்பவர்கள் தேர்வு முறையின் மாற்றத்தைக் கற்றலின் மாற்றமாக எழுதிவிடுகிறார்கள்.

பீசா முடிவைத் தவறான இடத்தில் பொருத்துவது

பதினைந்து வயது மாணவர்களுக்குப் பல நாடுகளில் நடத்தப்படும் பீசா (PISA) தேர்வின் 2009 சுற்றுக்குத் தொடர்ச்சியாக நடந்த தேர்வில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டுமே பங்கேற்றன. தமிழ்நாட்டில் பெரும்பாலான மாணவர்கள் படித்தது மாநிலப் பாடத்திட்டம். அதைக் கொண்டு என்.சி.இ.ஆர்.டி. நூல்களைத் தீர்ப்பிட இயலாது.

சிங்கப்பூரோடு தலைப்பு வரிசையை ஒப்பிடுவது

பாடவேளைகளின் எண்ணிக்கையையும் சேர்த்து ஒப்பிட முடியாவிட்டால் செய்ய வேண்டாம்.

தலைமையாசிரியரிடம் மட்டும் பேசுவது

குறிப்பேடுகளைக் கேட்டு வாங்குங்கள். நன்றாகப் படிக்கும் மாணவருடையதை மட்டும் கொடுப்பார்கள், கடைசி வரிசையில் இருப்பவருடையதையும் கேளுங்கள்.