கல்லூரி, பகுதிநேர வேலை, நண்பர்கள்: ஒரு செமஸ்டரைத் திட்டமிடுவது எப்படி?

கலைக் கல்லூரியில் காலை ஷிஃப்ட் படித்துவிட்டு, மாலையில் ஜவுளிக்கடைக்கோ முகூர்த்த நாட்களில் கேட்டரிங்குக்கோ போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தினசரி டைம்டேபிள் போடுவதற்கு முன்னால் செமஸ்டர் முழுவதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தெரிந்துவிடும்.

1. ஒரே காலண்டரில் இரண்டையும் எழுதுங்கள்

முகூர்த்த நாள் போட்ட மாதக் காலண்டர் ஒன்று போதும். இன்டர்னல் தேர்வு, அசைன்மென்ட், மாடல் தேர்வு எல்லாவற்றையும் நீல மையில் குறியுங்கள். வேலை நெருக்கும் நாட்களைச் சிவப்பில். ஆடியில் கல்யாணம் கிடையாது, கேட்டரிங்காரர்களுக்கு ஓய்வு. ஜவுளிக்கடையிலோ தள்ளுபடிக் கூட்டம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களைக் கவனியுங்கள். கடையில் மூச்சுவிட நேரமிருக்காது, கல்லூரியில் மாடல் தேர்வு நெருங்கியிருக்கும். அரியர் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அந்தப் பாடங்களைச் செப்டம்பரிலேயே ஒரு சுற்று முடித்துவிடுங்கள்.

2. லீவுக்குக் கணக்கு வையுங்கள்

செமஸ்டருக்கு 90 வேலைநாள், வருகை 75 சதவீதம் என்றால் 68 நாள் போயே ஆக வேண்டும். மிச்சம் 22. அதில் 8 நாளைக் காய்ச்சலுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் தொடாமல் வைத்துவிடுங்கள். வேலைக்காக எடுக்கும் ஒவ்வொரு லீவையும் காலண்டரிலேயே குறியுங்கள். மனக்கணக்கு கடைசி மாதத்தில் காலை வாரிவிடும்.

3. வாரத்தின் 168 மணி நேரத்தைப் பிரியுங்கள்

தூக்கம் 49, கல்லூரி 30, வேலை 24, பஸ் 12, குளியல் சாப்பாடு துணி துவைப்பது 21. கூட்டினால் 136. கையில் 32 மணி நேரம் இருக்கிறது. படிப்புக்கு 15 எடுத்தாலும் 17 மிஞ்சும். உங்கள் கணக்கில் மிச்சமே வரவில்லை என்றால் தூக்கத்தில் கை வைக்காதீர்கள், வேலை நேரத்தைக் குறைக்கக் கேளுங்கள்.

கடினமான பேப்பரை ஞாயிறு காலைக்கு வையுங்கள். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்த இரவில் அக்கவுண்ட்ஸ் கணக்கு ஏறாது. பஸ்ஸில் இரண்டு மதிப்பெண் கேள்விகள். ரெகார்டு நோட்டில் அந்தந்த வாரமே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

4. முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்

தேர்வு அட்டவணை வந்த அன்றே போட்டோ எடுத்துக் காட்டுங்கள். "அண்ணே, இந்த நாலு நாள் எனக்கு எக்ஸாம். அதுக்குப் பதிலா முந்தின ஞாயிறு முழுசா நிக்கிறேன்" என்று மாற்று நாளோடு கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். முதல்நாள் இரவு போன் செய்தால் யாருக்கும் கோபம்தான் வரும்.

5. நண்பர்களுக்கு நேரம் ஒதுக்குங்கள்

மிஞ்சிய நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த நேரம் வரவே வராது. வாரத்தில் ஒரு மாலையை அவர்களுக்கென்று வைத்துவிடுங்கள். டீக்கடையோ கிரிக்கெட்டோ, அந்த மூன்று மணி நேரம் புத்தகத்தையும் கடையையும் நினைக்க வேண்டாம். மற்ற நாட்களில் கூப்பிட்டால், "வியாழக்கிழமை வர்றேன்டா" என்று அப்போதே சொல்லிவிடுங்கள். வகுப்பில் ஒழுங்காக நோட்ஸ் எடுக்கிற ஒரு நண்பரிடம் கொஞ்சம் கூடுதலாகவே நெருக்கமாக இருங்கள். நீங்கள் வராத நாளின் பாடத்தை அவர் சொல்லட்டும், அவருக்குத் தெரியாத பேப்பரை நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.